பாதியில் நின்ற கப்பல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசணும் தம்பி. ரொம்ப டெக்னிக்கலா வேணாம், ஆனா உபயோகமா இருக்கணும்" என்றார். நான் 2010-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். முடித்த மறுவருஷமே சாஃப்ட்வேருக்குப் போய்விட்டேன். அதனால் லேத்தைப் பற்றிப் பேசினால் ஒர்க்‌ஷாப் சார் சிரிப்பார், கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினால் சி.எஸ். நண்பர்கள் சிரிப்பார்கள். ஆகவே ஒரு கார்ட்டூனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள் சார், கடைசியில் நம்ம காலேஜுக்கே வந்து சேருவேன்.

2023-ஆம் வருஷம் கம்பெனி வேலையாகக் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருந்தேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டி.வி.யில் ஒரு படத்தொடர் பார்ப்பாள். பெயர் 'ஸ்டார் ட்ரெக்: ப்ராடிஜி'. ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ரிமோட்டோடு வந்து நின்றாள். "அப்பா, கப்பலைக் காணோம்."

நானும் தேடினேன். நிஜமாகவே காணோம். நேற்று வரை இருந்த தொடர் இன்று இல்லை. மாதாமாதம் காசு கட்டுகிறோம், எப்படி இல்லாமல் போகும்? அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

'ஸ்டார் ட்ரெக்' என்பது 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய விண்வெளித் தொடர். அது மூன்றே பருவம்தான் ஓடியது. அதன் கிளையாக 1973, 74-இல் 22 அத்தியாயம் கார்ட்டூனாக வந்தது. பிறகு எத்தனையோ கிளைகள். அதில் 1995 முதல் 2001 வரை வந்த 'வாயேஜர்' தொடரில் ஜேன்வே என்று ஒரு பெண் கேப்டன். கேட் மல்க்ரூ என்ற நடிகை நடித்தார். 'ப்ராடிஜி' அந்தக் கிளையில் முளைத்த இன்னொரு கிளை. இதிலும் ஜேன்வேக்கு அவரே குரல் கொடுத்தார்.

கதை நடப்பது 2383-ஆம் வருஷம். ஒரு சுரங்கச் சிறை. பல கிரகத்துப் பிள்ளைகள் கைதிகள். ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாது. மொழிபெயர்க்கும் கருவி இருக்கிறது, ஆனால் கைதிகளுக்குக் கொடுக்கமாட்டார்கள். பேசிக்கொண்டால் ஒன்று சேர்ந்துவிடுவார்கள் இல்லையா? அந்தப் பிள்ளைகள் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு கப்பலைக் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் எல்லோர் பேச்சும் புரிய ஆரம்பிக்கிறது. ஓட்டத் தெரியாத பிள்ளைகள், யாரோ விட்டுப்போன கப்பல். ஜேன்வேயின் உருவத்தில் ஓர் ஒளிப் பிம்பம்தான் அவர்களுக்கு வாத்தியார். இதுதான் கதை. ஹாஸ்டலில் முதல் வாரம் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தத் தொடரை எழுதி உருவாக்கியவர்கள் கெவின் ஹேக்மன், டேன் ஹேக்மன் என்ற சகோதரர்கள். 2019-இல் இது 'நிக்கலோடியன்' என்ற குழந்தைகள் சேனலுக்கான தொடராக அறிவிக்கப்பட்டது. 2021-இல் அதே குழுமம் 'பாரமவுண்ட் ப்ளஸ்' என்று இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. புதுக்கடைக்குப் புதுச்சரக்கு வேண்டுமே! "முதலில் இங்கே வரட்டும், சேனலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடரை மாற்றிவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமான பிறகு மண்டபத்தை மாற்றுகிற மாதிரி. 2021 அக்டோபர் 28-ஆம் தேதி முதல் அத்தியாயம் வந்தது. அடுத்த மாதமே இரண்டாம் பருவத்துக்கும் உத்தரவு வந்துவிட்டது. முதல் பருவத்தின் 20 அத்தியாயங்களும் இடைவெளி விட்டு விட்டு 2022 டிசம்பர் கடைசியில் முடிந்தன.

கார்ட்டூன் தயாரிப்பதும் நம்ம புரொடக்‌ஷன் லைன் மாதிரிதான். கதை எழுதி, குரல் பதிந்து, காட்சி காட்சியாகப் படம் வரைந்து, கம்ப்யூட்டரில் உருவங்களை நடக்கவைத்து, வெளிச்சம் போட்டு, கடைசியில் இசையும் ஒலியும் சேர்க்க வேண்டும். ஒரு அத்தியாயம் மெருகேறும்போது இன்னொன்று வரைபடமாக இருக்கும். அதனால் நடுவில் எந்த நாளில் நிறுத்தினாலும், ஏதாவது ஒன்று பாதியில்தான் நிற்கும்.

2023 ஜூன் 23-ஆம் தேதி நிறுத்தினார்கள். இரண்டாம் பருவம் அப்போது மெருகேற்றும் கட்டத்தில் இருந்தது. அது வராது என்றார்கள். அதோடு முதல் பருவத்தையும் சேர்த்தே தளத்திலிருந்து எடுத்துவிடுவதாகவும் சொன்னார்கள். இதோடு இன்னும் மூன்று தொடர்களுக்கும் அதே கதிதான்.

புதுசாக எடுக்காமல் விடுவது புரிகிறது. எடுத்து முடித்ததை ஏன் தூக்க வேண்டும்? அங்கேதான் கணக்குப்பிள்ளை வருகிறார். ஒரு தொடருக்குச் செலவழித்த பணம் கம்பெனிப் புத்தகத்தில் சொத்தாக நிற்கும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். "இனி இதை உபயோகிக்கப் போவதில்லை" என்று எடுத்துவிட்டால், மிச்ச மதிப்பை ஒரேயடியாக நஷ்டமாக எழுதித் தள்ளலாம். நம்ம ஒர்க்‌ஷாப்பில் பழைய லேத்தைக் கண்டம் பண்ணி ஸ்டாக் ரிஜிஸ்டரில் அடிப்பதைப் போல. வித்தியாசம் என்னவென்றால், இந்த லேத் ஓடிக்கொண்டிருந்தது. தளத்தில் இருக்கும் வரை கலைஞர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் எடுத்துவிட்டால் மிச்சம். அந்த நாட்களில் பல கம்பெனிகளும் இதே கணக்கைப் போட்டன. 'பேட்மேன்: கேப்ட் க்ரூசேடர்' என்ற கார்ட்டூனை எச்.பி.ஓ. மேக்ஸ் 2022 ஆகஸ்டில் கைவிட்டது. அமேசான் அதை எடுத்துக்கொண்டு 2024 ஆகஸ்ட் 1-இல் வெளியிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தளம் கைவிட்டாலும், தொடரைத் தயாரித்த ஸ்டூடியோ ஒரு முடிவு எடுத்தது: இரண்டாம் பருவத்தின் மிச்ச வேலையை முடிப்போம், முடித்ததை வேறு இடத்தில் விற்கப் பார்ப்போம் என்று. வாங்க ஆள் இல்லை. மே மாதம் எழுத்தாளர்களும் ஜூலையில் நடிகர்களும் தொடங்கிய வேலைநிறுத்தத்தால் ஊரே ஸ்தம்பித்துக் கிடந்த கோடை அது. ஆனாலும் வேலை நடந்தது. இன்னொரு பக்கம் ரசிகர்கள் 30 ஆயிரம் கையெழுத்துக்கு மேல் வாங்கினார்கள். காசு சேர்த்து, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பேனரைக் கட்டி லாஸ் ஏஞ்சலஸ் வானத்தில் விமானமே விட்டார்கள். அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸ் உரிமையை வாங்கியது. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று முதல் பருவம் திரும்ப வந்தது. 2024 ஜூலை 1-இல் இரண்டாம் பருவத்தின் 20 அத்தியாயங்களும் வந்தன.

ரசிகர்கள் சத்தம் போட்டதால்தான் தொடர் பிழைத்தது என்று சொல்வார்கள். பாதி உண்மை. இன்னொரு பாதி என்னவென்றால், வாங்க ஆள் வந்தபோது கொடுக்க முடித்த சரக்கு கையில் இருந்தது.

நண்பர்களே, இனி என் கதை. இதைச் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

அதே ஜூன் மாதம் நான் பொறுப்பில் இருந்த புராஜெக்டும் நின்றது. ஒரு ஊரின் குடிநீர் பம்பிங் ஸ்டேஷன்களைக் கண்காணிக்கும் மென்பொருள். பதினான்கு மாத வேலை. ஒரே ஒரு போனில் முடிந்துவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல வரவில்லை, பட்ஜெட் இல்லை என்றார்கள், இல்லைதான். நான் கோபத்தில் இங்கே இருந்த டீமைக் கூப்பிட்டு, "எல்லாரும் கையை எடுத்துடுங்க, நாளைலேர்ந்து வேற வேலை" என்றேன்.

டீமில் ஒரு பெண். நம்ம காலேஜ்தான், எனக்குப் பல வருஷம் ஜூனியர். "சார், ஒரு ரெண்டு வாரம் குடுத்தீங்கன்னா என் பகுதியை டெஸ்ட் பண்ணி, குறிப்பெல்லாம் எழுதி வெச்சுடறேன்" என்றாள். நான் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "செத்த குழந்தைக்கு ஜாதகம் எழுதி என்னம்மா பண்ணப் போற?"

அவள் பதில் பேசவில்லை. சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுதி முடித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்கும் போய்விட்டாள்.

2025-இல் அதே வாடிக்கையாளர் திரும்ப வந்தார். பட்ஜெட் வந்துவிட்டது, பழைய வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். திறந்து பார்த்தோம். அந்தப் பெண் செய்த பகுதியை ஒரு புதுப்பையன் நான்கு நாளில் ஓட்டிக்காட்டினான். எங்கே நின்றது, எது சரியாக வரவில்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தாள். என் பகுதி? நானே எழுதியது, எனக்கே புரியவில்லை. மூன்று வாரம் முட்டிப்பார்த்துவிட்டு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுப் புதுசாக எழுதினோம். நிஜமாகவே கண்டம் ஆனது என் வேலைதான்.

அவளுக்குப் போன் பண்ணி நன்றி சொன்னேன். பெரிய தத்துவம் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். முடிச்சு வெச்சா அடுத்த இன்டர்வியூல தைரியமா பேசலாம்னுதான் முடிச்சேன்" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீங்க அன்னிக்குச் சொன்னது கஷ்டமா இருந்துச்சு சார்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். இந்த மேடையிலும் கேட்கிறேன்.

நன்றாகக் கவனியுங்கள். நின்றுபோன வேலையை ராத்திரி கண்விழித்துச் சும்மா செய்யுங்கள் என்று ஜூனியர்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. அது அநியாயம். 'ப்ராடிஜி'யின் கலைஞர்கள் சொந்தச் செலவில் முடிக்கவில்லை. முடிக்கலாம் என்று ஸ்டூடியோவில் ஒருவர் முடிவெடுத்து, நேரமும் கூலியும் கொடுத்தார். எங்கள் டீமில் அந்த இரண்டு வாரத்தைக் கொடுக்க வேண்டியவன் நான். நான் கொடுக்கவில்லை, அந்தப் பெண் தன் சாயங்காலங்களிலிருந்து எடுத்துக்கொண்டாள். இங்கே உட்கார்ந்திருக்கும் மேனேஜர்கள், முதலாளிகள், அதிகாரிகளுக்குத்தான் என் வேண்டுகோள். நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள். ஆனால் ஒழுங்காக நிறுத்த இரண்டு வாரம் கொடுங்கள்.

அந்தத் தொடரின் முதல் பருவக் கடைசியில் ஒரு காட்சி. மற்றவர்களைக் காப்பாற்ற அந்தக் கப்பலையே அழிக்க வேண்டிய நிலை. ஒளிப்பிம்ப ஜேன்வே ஓட்டிப் போகிறார். அவரை ஒரு சில்லில் இறக்கிப் பிள்ளைகள் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. ஆனால் அந்தப் பிள்ளைகளோடு பழகிப் பழகி அவருடைய நிரல் பெருத்துவிட்டது, சில்லில் அடங்கவில்லை. அதை அவர்களிடம் சொல்லாமலே அனுப்பிவைக்கிறார். என் மகள் அதைப் பார்த்து அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியாக நம்ம காலேஜ். காலையில் டிபார்ட்மென்ட் புராஜெக்ட் லேபுக்குப் போயிருந்தேன். என் செட் செய்த சோலார் டிரையர் இன்னும் அலமாரிக்கு மேலே இருக்கிறது. ஃபேன் ஓடாமல் நின்றது. ஏன் நின்றது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியும். இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எழுதி வைக்கவில்லை. ரெக்கார்டில் "வெற்றிகரமாக இயங்கியது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். சார், இப்போது சொல்வதற்கு மன்னிக்கணும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு சின்ன யோசனை. இனிமேல் ஒவ்வொரு இறுதியாண்டு புராஜெக்டோடும் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்வோம். தலைப்பு: "இது இங்கே நிற்கிறது." எதுவரை வந்தது, எது ஓடவில்லை, எங்களுக்குத் தெரிந்த காரணம் என்ன, அவ்வளவுதான். அதற்கு மார்க் குறைக்கக் கூடாது என்று பேராசிரியர்கள் உறுதி கொடுக்க வேண்டும். அந்தப் பக்கங்களைப் பைண்ட் பண்ணி லேபில் வைக்கும் செலவு எங்கள் 2010 செட்டினுடையது. முதல் பக்கம் அந்த டிரையருக்கு. நான்கு பேரும் இன்று வந்திருக்கிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.