பழைய கணினிக்குப் புத்துயிர்
(கணினிப் பயிலரங்கில் ஆற்றிய உரை)



நன்றாக ஓடும் கணினியைப் 'பழையது' என்று மூலையில் ஒதுக்கும் நிலை இன்று பல வீடுகளில் நேர்ந்துள்ளது. விண்டோசு 10-க்கான பொதுக் காப்புதவியை மைக்ரோசாப்டு நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான 11-ஓ பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. பொறி பழுதுபடவில்லை; அதை இயக்கும் உரிமைதான் பிறர் கையில் இருக்கின்றது! இதற்கு மாற்று உண்டா? உண்டு. அதுவே இலினக்சு.

1983-இல் அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் நிரலைப் படித்துத் திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், திருத்தியதையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளே அதன் அடித்தளம். 1991-இல் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு தோர்வால்சு ஓர் இயங்குதளக் கருவை எழுதி வெளியிட்டார். கருவும் கருவிகளும் இணைந்தன.

இவ்வாறு இணைத்துக் கட்டிய தொகுப்பை 'வழங்கல்' என்கிறோம். மாவு ஒன்றே, இட்டலி வேறு, தோசை வேறு. 1993-இல் தெபியன் தோன்றிற்று. அதன் வழியில் 2004-இல் உபுண்டுவும், உபுண்டுவின் வழியில் 2006-இல் மின்ட்டும் பிறந்தன. இது நமக்கு முற்றும் புதிதன்று. தெபியனை அடியொற்றிய பாசு இலினக்சு, 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினிகளில் விண்டோசோடு சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது.

எதனைத் தேர்வது? விண்டோசில் பழகிய கைக்கு மின்ட்டு எளிது. நினைவகம் 4 கிகாபைட்டு இருப்பின் நன்று. அதனினும் குறைந்த பொறிக்கு, அதன் எளிய முகப்புடைய எக்சுஎப்சிஇ பதிப்பைக் கொள்க. உபுண்டுவை விரும்புவோர், ஈராண்டுக்கொருமுறை வரும் நீள்காப்புப் பதிப்பையே கொள்க. ஐந்தாண்டுக்குத் திருத்தங்கள் வரும்.

இனி, நிறுவும் முறை.

முதலாவது, உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, வழங்கலை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அங்குத் தந்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் எட்சர் போன்ற கருவியால் 8 கிகாபைட்டு நினைவுக்கோலில் எழுதுங்கள். அக்கோலில் முன்பிருந்தவை அழிந்துபோகும்.

மூன்றாவது, கணினியை அணைத்து, கோலைச் செருகி இயக்குங்கள். இயங்கத் தொடங்கும்போதே எப்12, எப்2, எசுகேப் ஆகியவற்றுள் உங்கள் பொறிக்குரிய விசையை அழுத்தி, கோலைத் தேர்ந்தெடுங்கள். இப்பொழுது வட்டில் எதையும் மாற்றாமலே மின்ட்டு கோலிலிருந்து ஓடும். கம்பியில்லா இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி யாவும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இயங்காவிடில் கோலை உருவிவிட்டுப் பழைய நிலைக்கே மீளலாம். உப்புச் சுவை பார்த்தபின் அடுப்பை இறக்குவது போன்றது இது.

நான்காவது, மனம் நிறைந்தபின் 'நிறுவு' என்பதைச் சொடுக்குங்கள். 'விண்டோசின் அருகே நிறுவுக', 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் வழிகளைக் காட்டும். இங்குதான் கை நடுங்காமல் நின்று படிக்க வேண்டும். ஒரு சொடுக்கில் பிள்ளைகளின் ஒளிப்படங்களும் பல்லாண்டுக் கணக்குகளும் மறைந்துவிடும். சில கணக்கு மென்பொருள்கள் விண்டோசில் மட்டுமே ஓடும். தொழிலுக்கு அவை தேவைப்படுவோர் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நிறுவி முடித்ததும் திருத்தங்களை ஏற்றுங்கள். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேருங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அவ்வமைப்பில் தடையின்றித் தமிழில் எழுதலாம்.

தோழர்களே! விலையின்றிக் கிடைப்பது இதன் சிறு பயனே. திறந்து பார்க்கவும், திருத்தவும், பகிரவும் உள்ள உரிமையே பெரும்பயன். அவ்வுரிமையைக் கையாளுங்கள். நீங்கள் கற்றபின் அண்டை வீட்டின் மூலையில் தூசு படிந்து கிடக்கும் ஒரு கணினியையும் எழுப்பிவிடுங்கள்.