எதை முதலில் செய்வது? நீங்களும் சொல்லுங்க!

(கூட்டமைப்புக் கூட்டத்தில், தன்னார்வ இயன்முறை மருத்துவர்கள் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவம் படித்தவர்கள். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் வாங்காமல் ஊர் ஊராக வருகிறோம். எங்கள் குழுவுக்கு ஆபீஸ் கிடையாது, சம்பள ஆளும் கிடையாது. ஆளுக்கு மாசத்துல ரெண்டு ஞாயிறு, அவ்வளவுதான் எங்க கையிருப்பு. அடுத்த மூன்று வருடங்களுக்கு அதை எதற்குச் செலவழிப்பது என்று இப்போது முடிவு செய்யப் போகிறோம். உங்களைக் கேட்காமல் முடிவெடுப்பது சரியில்லை என்றுதான் இங்கே வந்திருக்கிறோம்.

இந்தக் கணக்கு உங்களுக்குப் புதுசு இல்லீங்க. குழுவில் பணம் கொஞ்சமா இருக்கும், கடன் கேட்பவர்கள் ஆறு பேர் இருப்பாங்க. யாருக்கு அவசரம் என்று உட்கார்ந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுறீங்க. நாங்களும் அதையேதான் செய்ய வேண்டும்.

தேவையோ பெரிசு. உலகத்தில் சுமார் 240 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சிகிச்சையால் பலன் கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லாரையும் எங்களால் பார்க்க முடியாது. அதனால் மூன்று வேலைகளை முன்னால் வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

முதலாவது, பக்கவாதம் வந்தோ எலும்பு முறிந்தோ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம். அப்போது கை காலை அசைக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போகும். ஒரே பக்கம் படுத்தே கிடந்தால் புண் வரும். இவர்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கணும். விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்பட்டை கெட்டுவிடும். தூக்குபவர் தன் இடுப்பையும் காப்பாற்றிக்கொள்ளணும்.

இரண்டாவது, பெண்கள் வெளியே சொல்லாத கஷ்டம். பிரசவத்துக்கு அப்புறம் இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. கூச்சப்பட்டு வருஷக்கணக்கா மூடி வைக்கிறோம். இடுப்புக்கூட்டின் அடித்தசைகளுக்கான பயிற்சியை முறையாகக் கற்று, சில மாதங்கள் விடாமல் செய்தால் பலருக்கும் குறையும். இதற்குப் பெண் மருத்துவர்களே வந்து, தனியாகப் பேச ஏற்பாடு செய்வோம்.

மூன்றாவது, எங்கள் குழுவையே நிலைநிறுத்துவது. ஒருத்தர் வேலை மாற்றலாகிப் போனால் அந்த ஊர் நோயாளி நடுவழியில் நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பேர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவேடு, பொறுப்பில் சுழற்சி முறை. இதெல்லாம் நாங்கள் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முழங்கால் வலிக்கான பெரிய முகாம்களைக் குறைக்க வேண்டி வரும். முகாமுக்கு நிறைய பேர் வருவாங்க, உண்மைதான். ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போனால் நடக்க முடியாதவர் நடந்துவிட மாட்டார். திரும்பத் திரும்ப வந்தால்தான் பலன்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அதில் சுய உதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாக இருக்கிறார்கள். அந்தச் சேவை கிடைக்கிற வீட்டுக்கு நாங்களும் போய் நிற்க வேண்டியதில்லை. விட்டுப்போன வீடுதான் எங்கள் வீடு.

உங்களிடம் கேட்பது இரண்டு. உங்கள் தெருவில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, சிகிச்சை இல்லாமல் படுத்திருப்பவர் யார் என்று பாருங்கள். அந்த வீட்டார் சம்மதித்தால் மட்டும் பெயரை ஊக்குநரிடம் கொடுங்கள். அடுத்தது, நாங்கள் சொன்ன வரிசை சரியா என்று குழுவில் பேசுங்கள். மாற்ற வேண்டும் என்றால் மாற்றிச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 8 உலக இயன்முறை மருத்துவ நாள். 1951-ல் இந்தத் துறையின் உலக அமைப்பு தொடங்கிய நாள் அது. அன்றைக்கு நாங்கள் கூடி இறுதி முடிவு எடுப்போம். அதற்கு முன்னால் உங்கள் தீர்மானம் எங்கள் கைக்கு வரட்டும்.