பரிசைப் பிரித்த பிள்ளையின் முகம்

கிறிஸ்துமஸ் காலை, மணி ஆறரை. பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீடு. நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்த களைப்பு பெரியவர்களுக்கு இன்னும் தெளியவில்லை. ஆறு வயது மகன் மட்டும் எப்போதோ எழுந்து கிறிஸ்துமஸ் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அத்தை கொண்டுவந்த பெட்டிதான் எல்லாவற்றிலும் பெரியது. அது ரிமோட் கார்தான் என்று மூன்று வாரத்துக்கு முன்பே அவன் முடிவு செய்துவிட்டான். காகிதத்தைக் கிழிக்கிறான். உள்ளே இருப்பது பள்ளிப் பை. ஜனவரியில் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு அத்தை பார்த்துப் பார்த்து வாங்கியது.

பையனின் முகம் சுருங்கிவிடுகிறது. "இது வேணாம்" என்கிறான். எதிரே அத்தை, சமையலறை வாசலில் பாட்டி. அம்மாவுக்கு உடம்பே கூசுகிறது. "அத்தைக்கு நன்றி சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லுடா!" பையன் அழ ஆரம்பிக்கிறான். பண்டிகைக் காலை அத்தோடு போயிற்று.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இது புதிதல்ல. கிறிஸ்துமஸுக்கு இல்லையென்றால் பிறந்தநாளுக்கு நடக்கும். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று யாராவது சொல்வார்கள். ஆனால் கெட்டுப்போன பிள்ளைதான் இப்படிச் செய்யும் என்பது சரியா?

அமெரிக்க உளவியலாளர் கரோலின் சார்னி 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் சிறு வேலை ஒன்று கொடுத்து, முதல் முறை அவர்களுக்குப் பிடித்த பரிசைக் கொடுத்தார்கள். அடுத்த முறை கைக்குழந்தைக்கு வாங்கும் விளையாட்டுப் பொருளைக் கொடுத்தார்கள். வயதில் பெரிய பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், ஏமாற்றத்தை மறைத்துச் சிரித்தார்கள். சின்னப் பையன்களால் அது முடியவில்லை. பிறகு 1986இல் பமேலா கோல் என்பவர் மூன்று, நான்கு வயதுப் பெண் குழந்தைகளைக் கவனித்தார். கொடுத்தவர் எதிரில் இருந்தபோது அவர்கள் ஏமாற்றத்தை அடக்கிக்கொண்டார்கள். அவர் இல்லாதபோது அது முகத்தில் தெரிந்தது. ஆக, சிரித்த பிள்ளைக்கும் ஏமாற்றம் உண்டு. மறைக்கும் பழக்கம் மட்டும் சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குத் தாமதமாகவும் வருகிறது. ஆறு வயதுப் பையனிடம் அதை உடனே எதிர்பார்ப்பது, சைக்கிள் பழகாத பிள்ளையைச் சாலையில் இறக்கிவிடுவது போல.

பினாங்கில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு அங்பாவ் வாங்குகிறான். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பண உறை வாங்குகிறான். அதைக் கொடுத்தவர் முன்னிலையில் பிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். உள்ளே இரண்டு வெள்ளியா பத்து வெள்ளியா என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். அந்த வழக்கத்தில் எத்தனை நாசூக்கு இருக்கிறது பாருங்கள்! கிறிஸ்துமஸ் பரிசை மட்டும் எல்லாரும் சுற்றி நிற்க, கைத்தொலைபேசிப் படமும் ஓட, அவன் பிரித்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான மைரா நகரத்துப் புனித நிக்கோலஸ்கூட, ஏழைப் பெண்கள் மூவருக்கு இரவில், யாரும் பார்க்காமல் பொன்னைப் போட்டுவிட்டுப் போனார் என்றுதான் கதை சொல்கிறது. வாங்கியவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று அவர் நின்று பார்க்கவில்லை.

அத்தை கொடுத்ததாவது பரவாயில்லை. கொடுத்தவர் அப்பாவாக இருந்தால்? பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. அதை ஒட்டி வளர்ந்த நகரம்தான் பாயான் பாரு. இங்கே பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ இரவு ஷிப்ட். பகலில் அவர்கள் தூங்கும்போது பிள்ளை சத்தம் போடாமல் விளையாட வேண்டும். "இந்த வருஷம் உன்கூட இருக்க முடியல" என்பதை வாயால் சொல்ல முடியாத அப்பா, மிகைநேரச் சம்பளத்தில் ஒரு பெட்டி வாங்கி வருகிறார். பிள்ளை அதைத் தள்ளிவைத்தால், தன்னையே தள்ளிவைத்தது போல அவருக்கு வலிக்கிறது. அந்த வலிதான் சில வீடுகளில் அறையாக விழுகிறது. வேறு சில வீடுகளில் அன்று மாலையே பேரங்காடிக்குப் போய் ரிமோட் கார் வாங்குவதில் முடிகிறது. இரண்டாவதும் நல்லதல்ல. அழுதால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்வான்.

வேலை கிறிஸ்துமஸுக்கு முன்பே தொடங்குகிறது. "நல்ல பிள்ளையா இருந்தா கேட்டதெல்லாம் தாத்தா கொண்டு வருவார்" என்று சொல்லாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை. கேட்டதில் எது முடியும், எது முடியாது என்று முந்தைய வாரமே சொல்லிவிடலாம். உறவினர் பெட்டிகளைக் கூட்டத்தில் பிரிக்காமல், விருந்தினர் வருமுன்போ போன பிறகோ பிரிக்கலாம். "பிடிக்காதது வந்தா என்ன செய்வே?" என்று வீட்டிலேயே விளையாட்டாக நடித்துப் பார்க்கலாம். பழைய செய்தித்தாளில் ஓர் உருளைக்கிழங்கைச் சுற்றிக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பழகிவிடுவார்கள்.

அத்தனையும் செய்தும் அந்தக் காலையில் முகம் சுருங்கினால், "வேற ஒன்னு வரும்னு நெனச்சே, இல்ல?" என்று காதோடு கேட்டு, சமையலறைப் பக்கம் அழைத்துப் போகலாம். தோசையும் கோழிக்கறியும் ஆகட்டும். அத்தையிடம், "ரிமோட் காருக்கு ஆசைப்பட்டிருந்தான், கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான்" என்று அம்மாவே சொல்லிவிடலாம். அத்தையும் பிள்ளை வளர்த்தவர்தானே!

நன்றி சொல்வதை விட்டுவிட முடியாது. அதை மாலைக்குத் தள்ளிவைக்கலாம். பையில் அவனுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று இருக்கும். அதை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு தொலைபேசியைக் கையில் கொடுத்தால், "அத்தை, தண்ணி போத்தல் வைக்கத் தனியா இடம் இருக்கு" என்பான். என்ன நிறத்தில் போத்தல் வேண்டும் என்று அத்தை கேட்பார்.