தாஜிக் மக்களும் அவர்தம் மொழியும்: செஞ்சி நாட்டிலிருந்து ஒரு நோக்கு



திண்டிவனம் வட்டாட்சியர் அலுவலகத்தை ஊரார் இன்றும் தாசில்தார் ஆபீஸ் என்றே சொல்கின்றனர். ஆண்டுதோறும் அங்கே ஜமாபந்தி நடைபெறுகிறது. வரப்புத் தகராறில் சிக்கிய உழவர் பிராது எழுதிக் கொடுக்கிறார். பெரிய இடத்துச் சிபாரிசு கிடைக்குமா என்று பார்க்கிறார். பணம் கட்டினால் மறவாமல் ரசீது கேட்டு வாங்குகிறார். எழுத்தறியாத மூதாட்டியும் மல்லாட்டையைத் தராசில் நிறுத்தே விற்கிறார். இச்சொற்கள் யாவும் பாரசீகத்திலிருந்தோ, அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியாகவோ தமிழ்நாட்டுக்கு வந்தவை. பாரசீகம் பேசும் குடும்பம் ஒன்றுகூட இல்லாத சிற்றூர்களிலும் அவை குடியேறிவிட்டன.

இவற்றைத் தாய்ப்பாலோடு கற்கும் மக்களுள் ஓரினத்தார் தாஜிக்கியர். அவர்கள் வாயில் தராசு 'தரோஸு' ஆகும், பஜார் 'போஸோர்', பாதாம் 'போதோம்'. பாரசீகத்தின் நெடில் ஆகாரம் அங்கே ஓகாரமாக ஒலிக்கும். பிராது என்பதன் மூலச்சொல் அவர்களிடம் 'ஃபர்யோத்'. அதற்கு ஓலம், முறையீட்டுக் குரல் என்று பொருள். அங்கே ஓலமாக இருப்பது இங்கே மனுவாகி முத்திரை வில்லை ஒட்டிக்கொண்டது!

தாஜிக் மொழி பாரசீகத்தின் கீழைக் கிளை. ஈரானியரின் பார்சியும் ஆப்கானியரின் தரியும் அதன் உடன்பிறப்புகள். ஒரு வகையில் இது ஈரானியப் பேச்சைவிடப் பழமை போற்றுவது. சிங்கத்தை 'ஷேர்' என்றும் பாலை 'ஷீர்' என்றும் தாஜிக்கியர் பிரித்துச் சொல்வர். இன்றைய ஈரானியருக்கு இரண்டும் 'ஷீர்' தான். இந்தியாவுக்கு வந்த பாரசீகம் அந்தப் பழைய ஏகாரத்தோடு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்த பீஜப்பூர் அதிகாரியைத் தமிழ் நூல்கள் ஷேர்கான் லோடி என்றே எழுதுகின்றன. அப்பெயரை ஒரு தாஜிக்கியர் திருத்த வேண்டியதில்லை.

இம்மொழி செஞ்சி நாட்டுக்கு எவ்வாறு வந்தது? வாளோடு வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வாளோடு மட்டும் வரவில்லை. 1690 தொடங்கி 1698 வரை முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. அப்படையில் தளபதி தளபத்ராவ் புந்தேலாவிடம் பணிபுரிந்தவர் பீம்சேன் என்னும் காயஸ்தர். அவர் பாரசீகத்தில் எழுதிய நினைவு நூல் 'நுஸ்கா இ தில்குஷா'. தென்னாட்டைப் போலக் கோயில்கள் நிறைந்த நாடு வேறெங்கும் இல்லை என்று அதில் அவர் வியக்கிறார். இந்து ஒருவர், தம் தாய்மொழி அல்லாத மொழியில், தமிழ்நாட்டுக் கோயில்களைப் பாராட்டி எழுதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பாரசீகம் அன்று ஒரு சமயத்தாரின் உடைமையாக இருக்கவில்லை.

1714இல் தேசிங்கு ராசன் வீழ்ந்தான். தமிழ் மக்கள் அவனைக் கதைப்பாடலாகப் பாடி வாழவைத்தனர். வென்ற சாதத்துல்லாகான் பக்கத்து வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதியவர் ஜஸ்வந்த்ராய், அவரும் இந்துவே. ஒரு போருக்கு இரு மொழிகளில் இரு நினைவுகள். தோற்றவனின் நினைவே ஊரில் நிலைத்தது. வென்றவனின் நினைவு ஏட்டில் உறங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகம்மது உசைன் நயினார் ஆர்க்காட்டு நவாபுகளைப் பற்றிய பாரசீக வரலாறுகளை ஆங்கிலத்தில் பெயர்த்திராவிட்டால், பலருக்கும் அவை எட்டாமலே போயிருக்கும்.

நடு ஆசியத் தொடர்பு வேறொரு வழியிலும் உண்டு. ஆர்க்காட்டில் அன்வருத்தீன்கானை அமர்த்திய நிசாம் உல் முல்க்கின் பாட்டனார் சமர்க்கந்துப் பகுதியிலிருந்து வந்தவர். சமர்க்கந்தும் புகாராவும் தாஜிக்கியர் தம் மொழியின் இரு கண்களாகக் கருதும் நகரங்கள். பத்தாம் நூற்றாண்டில் சாமானிய மன்னர்கள் புகாராவிலிருந்து ஆண்டபோது, அவர்கள் அவையில் பாடிய ரூதகியே பாரசீகக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவர் பிறந்த ஊரான பஞ்சுரூத் இன்றைய தாஜிகிஸ்தானில் உள்ளது.

இந்தியாவில் 1837ஆம் ஆண்டுச் சட்டம் பாரசீகத்தை நீதி, வருவாய் அலுவல்களிலிருந்து விலக்க வழி செய்தது. மொழி போயிற்று, சொற்கள் தங்கிவிட்டன. புகாராவில் 1920 வரை அரசு அலுவல் பாரசீகத்திலேயே நடந்தது. அங்கே பின்னர் நிகழ்ந்தது நேர்மாறானது: மொழி தங்கிற்று, அதன் நகரங்களும் எழுத்தும் போயின.

1924இல் சோவியத் ஆட்சியினர் நடு ஆசியாவை இனவாரியாகக் கூறுபோட்டனர். சமர்க்கந்தும் புகாராவும் உஸ்பெகிஸ்தானுக்குச் சென்றன. அந்நகரத் தாஜிக்கியர் பலர் ஏடுகளில் உஸ்பெக்கியராகப் பதிவாயினர். தாஜிக்கியருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மலை. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய அந்நாட்டில் இன்று வாழ்வோர் ஏறத்தாழ ஒரு கோடியர். தலைநகரமாகக் கொள்ளத்தக்க நகரம் இல்லாமையால், திங்கள்தோறும் சந்தை கூடிய ஓர் ஊர் தலைநகராயிற்று. அதன் பெயர் துஷான்பே. பாரசீகத்தில் அது திங்கட்கிழமையைக் குறிக்கும். குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைக்காரருக்கு இப்பெயரை விளக்கத் தேவையில்லை. 1929 முதல் 1961 வரை அவ்வூர் ஸ்டாலினாபாத் என்று வழங்கியது. பிறகு சந்தையின் பெயரே திரும்பியது.

தாஜிக் என்றொரு மக்களோ அவர்களுக்கென ஓர் இலக்கியமோ இல்லை என்று வாதிட்டோரும் அந்நாளில் இருந்தனர். அவர்களுக்கு விடை கூறியவர் சத்ரித்தீன் அய்னி. புகாராவுக்கு அருகே ஒரு சிற்றூரில் 1878இல் பிறந்தவர்; மதரசாவில் பயின்றவர். சீர்திருத்தம் பேசியமைக்காக 1917இல் புகாரா அமீரின் ஆணைப்படி 75 அடிகள் பட்டவர். மறு ஆண்டில் அவருடைய தம்பி கொல்லப்பட்டார். அய்னி மேடையேறி வாதாடவில்லை; தொகுத்தார். ரூதகி முதல் தம் காலம் வரை ஆயிரம் ஆண்டுக் கவிஞர்களை ஒன்றுதிரட்டி, 'தாஜிக் இலக்கிய மாதிரிகள்' எனப் பொருள்படும் பெருநூலை 1926இல் வெளியிட்டார். சுவடி தேடி ஊர் ஊராக நடந்த உ.வே.சாமிநாதையரை அறிந்த தமிழருக்கு இத்தகைய உழைப்பின் பெறுமதி தெரியும்.

ஆனால் அய்னிக்கு நேர்ந்தது ஐயருக்கு நேரவில்லை. அந்நூல் அரபு எழுத்தில் அச்சாகியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1928இல், தாஜிக் மொழிக்கு இலத்தீன் எழுத்து வந்தது. அதைக் கற்று முடிப்பதற்குள், 1940இல், ருசியரின் கிரில் எழுத்து வந்தது. பாட்டன் ஓர் எழுத்திலும் தந்தை வேறோர் எழுத்திலும் மகன் மூன்றாம் எழுத்திலும் பயின்ற குடும்பங்கள் உண்டு. எழுத்தறிவு பெருகியது உண்மை; பள்ளிகள் பெருகின; பெண்கள் படித்தனர். இந்நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. எனினும் வீட்டுப் பரணில் இருந்த ஏடு வீட்டாருக்கே அயலான ஏடாயிற்று. தமிழகத்தில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது றா, னை போன்ற சில வடிவங்களே மாறின. அதன்பின் பள்ளி சென்றோரும் பழைய நூலைச் சற்றுத் தயங்கியேனும் படித்துவிடுகின்றனர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது.

1989 சூலையில் தாஜிக் அரசுமொழியாயிற்று. பழைய எழுத்தைக் கற்பிக்கவும் அச்சட்டம் இடம் தந்தது. 1991இல் விடுதலை கிட்டியது. 1992 முதல் 1997 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் பள்ளிக்கூடம் பற்றி எண்ண யாருக்கு நேரம் இருந்தது! கிரில் எழுத்தே இன்றும் நீடிக்கிறது. ஆயினும் பாட்னாவில் 1644இல் பிறந்து தில்லியில் மறைந்த பேதிலின் கவிதைகளை அம்மக்கள் இன்றும் தம்முடையனவாகவே பாராட்டுகின்றனர். செஞ்சி முற்றுகையின்போது வாழ்ந்திருந்த அக்கவிஞரை இந்தியர் பலர் மறந்துவிட்டனர். அவரைப் பற்றி ஆய்வுநூல் எழுதியவரும் அதே அய்னிதான்.

செஞ்சிக் கோட்டைக்குள் சாதத்துல்லாகான் கட்டிய மசூதி இன்றும் நிற்கிறது. 1717இன் அளவில் எழுந்த அக்கட்டடத்தில் பாரசீகக் கல்வெட்டு உள்ளது. துஷான்பேயில் பள்ளிப்படிப்பு மட்டும் முடித்த இளைஞர் ஒருவர் அதன் முன் வந்து நின்றால், எழுத்து அவருக்குப் புரியாது. பழைய எழுத்து அறிந்த ஒருவர் அருகில் நின்று மெல்ல வாசித்துக் காட்டினால், பெரும்பாலான சொற்கள் அவர் தம் பாட்டியிடம் கேட்டவையாகவே இருக்கும்.