ரெய்ம்ஸ் நகரின் சுண்ணப் பாதாளம்

இன்று நாம் போகும் ஊர் பிரான்சின் வடகிழக்கில் இருக்கும் ரெய்ம்ஸ். பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரப் பயணம். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய மாபெரும் தேவாலயம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். நான் உங்களை ஊரின் தென்கிழக்கு ஓரத்து மேட்டுக்கு அழைத்துப் போகிறேன். பொம்மெரி என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் பழைய நிலவறைகள் அங்கே பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்கின்றன.

வெளியே நின்று பார்த்தால் பிரெஞ்சுக் கட்டடமாகவே தெரியாது. கோபுரங்களும் கொத்தளங்களுமாக, பழைய ஆங்கிலேய மாளிகையின் சாயல். காரணம் இருக்கிறது. இவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அவர்களை மனதில் வைத்துக் கட்டிய கட்டடம் இது.

உள்ளே ஒரு பெரிய மண்டபம். அங்கே 75,000 லிட்டர் கொள்ளும் ஒரு மரப்பீப்பாய் நிற்கிறது. அதன் முகப்பில் சிற்ப வேலை செய்தவர், கண்ணாடிக் கலைக்குப் பேர்போன எமில் கல்லே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1904-ல் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. அதைக் கடந்து போனால் படிக்கட்டு. நேராக, அகலமாக, 116 படிகள். பாதி இறங்கும்போதே குளிர் காலில் ஏறுகிறது. கீழே ஆண்டு முழுவதும் சுமார் 10 டிகிரிதான். மேலே கோடையானாலும் பனிக்காலமானாலும் அது மாறுவதில்லை.

தரையிலிருந்து முப்பது மீட்டர் ஆழத்தில் நிற்கிறோம். கையை நீட்டிச் சுவரைத் தொடுங்கள். ஈரம். விரல் நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையான சுண்ணக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரதேசம் கடலாக இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து உண்டான கல் இது. பழங்காலத்தில் ஊர் கட்ட இங்கிருந்து கல் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குழியின் வாய் மேலே சின்னதாக இருக்கும். கீழே போகப் போகக் குழி அகன்றுகொண்டே வரும். அடியில் நின்று அண்ணாந்தால், உச்சியில் சதுரமாக ஒரு துண்டு வெளிச்சம். இப்படி சுமார் 120 குழிகள். வெட்டி முடித்தபின் யாருக்கும் பயனில்லாமல் கிடந்தன.

அந்தப் பாழ்குழிகளின் மதிப்பைக் கண்டுகொண்டவர் ஒரு பெண். பெயர் லூயிஸ் பொம்மெரி. 1858-ல் கணவர் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வளர்ந்துவந்த மகன், கைக்குழந்தையாக ஒரு மகள். கணவர் விட்டுப்போன கம்பளி வியாபாரத்தை நிறுத்திவிட்டு, நுரைக்கும் ஒயினில் முழுமூச்சாக இறங்கினார். ஊர் எல்லையில் இருந்த இந்த நிலத்தை வாங்கி, 1868-ல் தொடங்கிப் பத்தாண்டுகள் வேலை நடத்தினார். சுரங்கத் தொழிலாளர்கள் குழிகளுக்கிடையே பாதை குடைந்து ஒன்றோடொன்று இணைத்தார்கள். இன்று அந்தப் பாதைகளின் மொத்த நீளம் 18 கிலோமீட்டர். சரக்கு போன ஊர்களின் பெயர்களையே பாதைகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்நாளில் ஷாம்பெயின் என்றால் திகட்டும் இனிப்பு. சர்க்கரையைக் கொட்டிக் கலப்பார்கள். ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டு, 1874-ம் ஆண்டு அறுவடையிலிருந்து சர்க்கரை மிகக் குறைந்த சரக்கைச் செய்துகாட்டினார் பொம்மெரி அம்மையார். இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலும் விற்பது அந்த வகைதான்.

நேயர்களே, என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒரு மரச்சட்டம். இரண்டு பலகைகள், மேலே கீல் போட்டுச் சாய்த்து நிறுத்தியவை. பலகை முழுக்கத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பாட்டில், கழுத்து உள்ளே, அடிப்பாகம் நம்மை நோக்கி. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும்போதுதான் நுரை உண்டாகிறது. கூடவே மண்டியும் தங்கிவிடுகிறது. அந்த மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவர, பாட்டிலைத் தினமும் கொஞ்சம் திருப்ப வேண்டும், அடிப்பாகத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். பல வாரங்கள் இதே வேலை. எவ்வளவு திருப்பினோம் என்று தெரிய, பாட்டிலின் அடியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கை தேர்ந்தவர் இரு கைகளாலும் ஒரு நாளில் 40,000 பாட்டில் வரை திருப்புவார். இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது.

ஆபத்தும் இருந்தது. பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம், கார் சக்கரத்துக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு. பழைய கண்ணாடி அதைத் தாங்காமல் வெடிக்கும். அதனால் தொழிலாளர்கள் இரும்புக் கம்பி முகமூடி போட்டுக்கொண்டுதான் இங்கே நடமாடினார்கள். விருந்து மேசையில் கிண்ணம் தூக்கியவர்களின் படங்கள் ஏராளம் இருக்கின்றன. என் மரியாதை இந்த முகமூடிக்காரர்களுக்குத்தான். தம் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியத்துக்கு ஏற்பாடு செய்தார் என்பதும் பொம்மெரி அம்மையாருக்குப் பெருமை.

குழிகளின் சுவர்களில் பெரிய புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. 1882 முதல் 1885 வரை குஸ்தாவ் நவ்லே என்ற சிற்பி விளக்கொளியில் அந்தச் சுண்ணச் சுவரிலேயே செதுக்கியவை. மதுக்கடவுள் பாக்கஸின் திருவிழாவைக் காட்டும் சிற்பத்தின் முன் நின்று பாருங்கள். இப்போது நவீன கலைக் கண்காட்சிகளும் இங்கே நடக்கின்றன. எனக்கு நவ்லேயின் வேலையே போதும்.

முதல் உலகப் போரில் ரெய்ம்ஸ் நான்கு ஆண்டுகள் குண்டுமழையில் நின்றது. 1914 செப்டம்பரில் தேவாலயமே எரிந்தது. அப்போது ஊர் மக்கள் அடைக்கலம் புகுந்தது இப்படிப்பட்ட ஷாம்பெயின் நிலவறைகளில்தான். இருளில் அடுப்பு எரிந்தது, பூசை நடந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடந்தது. ஷாம்பெயின் மலைச்சரிவுகளையும் இந்த நிலவறைகளையும் யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மது தொடாதவர்களும் தயங்காமல் போய்வரலாம். சுற்றிக்காட்டி முடித்ததும் ஒரு கிண்ணம் தருவார்கள்; வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கையோடு இருக்கட்டும். இறங்கிய 116 படிகளையும் ஏறித்தான் வர வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கிளம்புமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் திரும்பியதும் ஒர்சே அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போங்கள். அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களை ஓவியர் மில்லே தீட்டிய படம் அங்கே இருக்கிறது. அதைப் பெருந்தொகை கொடுத்து ஏலத்தில் வாங்கி, நாட்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர் பொம்மெரி அம்மையார்.