டெண்டர் என்னும் திருவுளச்சீட்டு

(புதுக்கோட்டை ஜில்லா கீரனூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



நமக்கு முன் பேசிய தோழர்கள் சோசியத்தைப் பற்றியும் சாமியாடுதலைப் பற்றியும் வேண்டியமட்டும் பேசிவிட்டார்கள். ஆகவே நாம் சர்க்கார் ஆபீசுக்குள் நடக்கும் ஒரு சாமியாட்டத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். அதற்கு டெண்டர் மதிப்பீடு என்று பெயர்.

ஆஸ்பத்திரி கூட்டுவது, சாக்கடை வாருவது, வாசலில் காவல் இருப்பது ஆகிய வேலைகளுக்குச் சர்க்காரே ஆள் வைத்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது ஒப்பந்தக் கம்பெனிக்கு விடுகிறார்கள். விடுவதற்கு முன் கம்பெனிகள் இரண்டு உறைகளில் மனுப் போடவேண்டும். ஓர் உறையில் யோக்கியதை, மற்றோர் உறையில் விலை. யோக்கியதை உறையில் என்ன கேட்கிறார்கள்? இத்தனை கோடிக்கு வியாபாரம் நடந்ததா, இத்தனை வருஷ அனுபவம் உண்டா, இன்ன சர்டிபிகேட் உண்டா என்று கேட்கிறார்கள். "போன வருஷம் உன்னிடம் வேலை செய்தவனுக்குக் கூலி எந்தத் தேதியில் போட்டாய்? வைப்பு நிதிப் பணத்தை ஒழுங்காய்க் கட்டினாயா?" என்ற கேள்விக்கு எத்தனை மார்க்கு என்று தேடிப் பாருங்கள். அநேகமாய் ஒரு உறுதிமொழிக் காகிதத்தோடு அந்தச் சங்கதி முடிந்துபோகும். அப்புறம் விலை உறையைப் பிரிப்பார்கள். குறைந்த விலை எழுதியவனுக்கு மாலை.

நாம் இதைப்பற்றி ஓர் உத்தியோகஸ்தரிடம் கேட்டோம். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். "குறைந்த விலைக்குக் கொடுப்பதுதானே ஐயா விதி? எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்றார். சாஸ்திரி சொல்லுவதற்கும் இவர் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? விதி என்று சொல்லிவிட்டால் பிறகு கணக்குப் பார்க்க வேண்டியதில்லையா?

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவனுக்கு மாதச் சம்பளம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கட்டவேண்டிய வைப்பு நிதி வகை 100-க்கு 13 வீதம் ரூ.1,560. ஈ.எஸ்.ஐ. 100-க்கு 3¼ வீதம் ரூ.390. ஆக ரூ.13,950. நூறு பேருக்கு ரூ.13,95,000. இது சட்டப்படி தப்பிக்க முடியாத செலவு. இதற்குமேல் கையுறை, பூட்ஸ், துடைப்பம், மேஸ்திரி சம்பளம், பில் பாசாகும் வரை தன் கைப்பணத்தைப் போட்டுவைக்கும் வட்டி எல்லாம் இருக்கின்றன. இப்படியிருக்க, ஒரு கம்பெனிக்காரன் "என் சேவைக் கட்டணம் ஒரு பைசா" என்று எழுதிக் கொடுக்கிறான். சர்க்காரும் அதை வாங்கி வைத்துக்கொண்டு இவனே குறைந்த விலைக்காரன் என்கிறது! அவன் என்ன பெரிய தர்மப் பிரபுவா? கோடி ரூபாய் வியாபாரத்தை ஒரு பைசாவுக்குச் செய்து மோட்சத்துக்குப் போகப் போகிறானா?

அவன் லாபம் எங்கேயிருந்து வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். நூறு பேர் வேலைக்கு எண்பது பேரை விட்டு நூறு பேருக்குப் பில் போடுவது. பாங்கியில் போட்ட சம்பளத்தில் ஒரு பங்கைக் கையில் திரும்ப வாங்கிக்கொள்ளுவது. வேலைக்குச் சேரும்போதே டிபாசிட் என்று பிடுங்குவது. டெண்டரைப் பிரித்த மேசையிலேயே, இந்த விலையில் இந்தத் திருட்டு இல்லாமல் வேலை நடக்காது என்று தெரிந்திருக்கவேண்டாமா? கூட்டல் தெரிந்த நாலாவது வகுப்புப் பையனுக்குத் தெரியுமே!

இதை டில்லிக்காரர்களும் கண்டுகொள்ளாமல் இல்லை. கட்டணம் ஒன்றுமே வேண்டாம் என்று எழுதும் டெண்டரைத் தள்ளிவிடவேண்டும் என்று 2014-ம் வருஷம் மத்திய நிதி இலாகா எழுதிற்று. பைசாக் கணக்கில் எழுதி அதையும் ஏமாற்றினார்கள். 2023-ல், சேவைக் கட்டணம் 100-க்கு 3.85-க்குக் கீழே போகக்கூடாது என்று வைத்தார்கள். வைத்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? போட்டிபோட்டவர்கள் வரிசையாய் அதே 3.85 என்றே எழுதினார்கள். எல்லோரும் சமம் என்றால் யாருக்குக் கொடுப்பது? கம்ப்யூட்டரை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள்! கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவனைப் பாமரன் என்று சிரிக்கிறோமே, பி.ஏ., எம்.ஏ. படித்தவர்கள் செய்வது என்ன? விலையைத் தவிர வேறொன்றையும் அளக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் கடைசியில் திருவுளச்சீட்டில்தான் வந்து நிற்கவேண்டும்.

நிற்க, இதில் நம் இயக்கத்துக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது. 1928-ல் வகுப்புரிமை நடைமுறைக்கு வந்தது. 1994-ல் 100-க்கு 69 என்று சட்டமே ஆயிற்று. அது சர்க்கார் வேலைக்கு. அதே வேலையைக் கம்பெனிக்கு மாற்றி எழுதிவிட்டால் வகுப்புரிமையைக் கேட்க நாதி இல்லை. சூப்பர்வைசர் நாற்காலிக்குக் கம்பெனிக்காரன் தன் ஆளைத் தேடிக்கொள்ளுகிறான். துடைப்பத்துக்கு மாத்திரம் எந்தத் தெருவில் ஆள் கிடைக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது! 1912-ல் முனிசிபாலிடியான புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. பலகை மாறிற்று. துடைப்பம் எந்தத் தெருக்காரர் கையில் இருக்கிறது என்று விடியற்காலையில் எழுந்து பாருங்கள்.

சென்னையில் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் கட்டிடத்தின் முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். சுமார் ரூ.23,000 வாங்கிய எங்களுக்குக் கம்பெனியில் சுமார் ரூ.17,000 தான் என்பது அவர்கள் முறையீடு. நடுராத்திரியில் போலீசார் ஏற்றிக்கொண்டு போனார்கள். விலை உறையில் குறைந்தது யாருடைய பணம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

சரி, எதிர்த்துக் கேட்க வழி உண்டா என்றால், சட்டம் இருக்கிறது. 1998-ம் வருஷத்துத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி முடிவு கிடைத்த பத்து நாளுக்குள் சர்க்காருக்கு அப்பீல் செய்யலாம். யார் செய்யலாம்? டெண்டர் போட்டவன் செய்யலாம். கூலி குறைகிறவன் செய்ய முடியாது! 1979-ல் பம்பாய் விமான நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை டெண்டர் வழக்கில், சர்க்கார் ஸ்தாபனம் தானே வைத்த நிபந்தனையைத் தானே மீறக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு அருமையாகத் தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் வழக்குப் போட்டவருக்குப் பரிகாரம் கொடுக்கவில்லை. அவர் டெண்டரே போட்டவரல்ல. 1994-ல் டாட்டா செல்லுலர் வழக்கில், முடிவு செய்த முறையைத்தான் கோர்ட்டு பார்க்கும், முடிவின் நன்மை தீமையைப் பார்க்காது என்றார்கள். ஆகையால் கோர்ட்டை நம்பிக் கைகட்டி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. முறை எது என்ற காகிதத்தை நாம் முதலில் கையில் வாங்கவேண்டும். ஒப்பந்தக்காரன் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கும் ஆபீசே கொடுக்கவேண்டும் என்று 1970-ம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. 2020-ல் செய்த தொழிற்சட்டத் தொகுப்பும் அதை எடுத்துவிடவில்லை. ஆகவே "அது கம்பெனி சங்கதி" என்று எந்த ஆபீசும் கைகழுவ முடியாது.

காகிதம் வாங்க 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் போதும். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். யோக்கியதை உறையில் யாருக்கு எத்தனை மார்க்கு, எதற்காக என்று கேளுங்கள். ஜெயித்தவன் விலையில் கூலி எவ்வளவு, வைப்பு நிதி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். முந்திய கம்பெனி பணம் கட்டிய ரசீதுக்கு நகல் கேளுங்கள். வியாபார ரகசியம் என்று பதில் வந்தால் பயப்படாமல் அப்பீல் எழுதுங்கள். நம் பணத்தில் நம் ஆளுக்குக் கொடுக்கும் கூலியில் என்ன ரகசியம்?

மேடைக்கு இடது பக்கம் மேசை போட்டிருக்கிறது. மனுக் காகிதமும் பத்து ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்பும் அங்கே கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். கையெழுத்தை மட்டும் நீங்களே போடுங்கள்.