சுவரில்லாச் சிறையில் சிப்பாய்கள்



அந்தமான் என்றதும் செல்லுலார் சிறையே நம் நினைவுக்கு வருகிறது. அதன் கட்டுமானம் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. ஆனால், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே அத்தீவுகள் போரில் பிடிபட்டோரின் கொட்டடியாகிவிட்டன.

1858 மார்ச் 10 அன்று செமிராமிஸ் என்ற கப்பலில் 200 கைதிகள் அங்கு கொண்டுவரப்பட்டனர். லக்னோவில் சண்டை இன்னும் ஓயாத நாட்கள் அவை. 1857 எழுச்சியில் ஆயுதமேந்திய சிப்பாய்கள் அவர்களில் இருந்தனர். அயோத்தி வட்டாரத்து விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளே அன்றைய வங்காளப் படையின் பெரும்பகுதியினர். சீருடை அணிந்த விவசாயிகள்.

அங்கே மதிற்சுவர் இல்லை. கடலும் காடுமே காவல். சாத்தம், ராஸ் தீவுகளின் அடர்காட்டை அவர்கள் வெட்டித் திருத்த வேண்டும். காய்ச்சல் ஒருபுறம் வாட்டியது. காடு வழியே பர்மாவை அடைந்துவிடலாம் என்று நம்பித் தப்பியோர் பலர்.

1858 ஜூன் நடுப்பகுதி வரை வந்துசேர்ந்தவர்கள் 773 பேர். மருத்துவமனையில் மாண்டவர்கள் 64. தப்பிச்சென்று திரும்பாதவர்கள் 140. தற்கொலை செய்துகொண்டவர் ஒருவர். தூக்கிலிடப்பட்டவர்கள் 87. எஞ்சியவர்கள் 481. மூன்றே மாதக் கணக்கு இது! தூக்கிலிடப்பட்டோரில் ஏறக்குறைய அனைவரும் தப்பிப் பிடிபட்டவர்கள். கண்காணிப்பாளர் வாக்கரின் இச்செயலைக் கல்கத்தா அரசே ஏற்கவில்லை.

இக்கொடுமை எவ்வாறு இயன்றது? எதிர்த்துப் போரிட்டவனைப் போர்வீரன் என்று ஏகாதிபத்தியம் ஒப்புக்கொள்ளவில்லை, ‘கலகக்காரன்’ என்றது. பெயரை மாற்றியதும் போர்க்கைதிக்குரிய கண்ணியமும் பறிபோயிற்று. போர்க்கைதிகளுக்கான ஜெனீவா உடன்படிக்கை 1929-இல்தான் வந்தது. அதன் பிறகும் அடிமை நாட்டின் போராளிக்கு அது எட்டவில்லை.

அதனால்தான் 1931-இல் பகத் சிங்கும் தோழர்களும் தங்களைப் போர்க்கைதிகளாக நடத்தித் துப்பாக்கியால் சுடுமாறு கோரினர். ஆட்சியாளர்கள் தூக்குக் கயிற்றையே தந்தனர். அதே லாகூர் வழக்கில் தண்டிக்கப்பட்ட மகாவீர் சிங், 1933 மே மாதம் செல்லுலார் சிறை உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதால் உயிரிழந்தார். மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகியோரும் அப்போராட்டத்தில் மாண்டனர். அச்சிறைக்குள்ளேதான் 1935-இல் கம்யூனிஸ்ட் குழு உருவாயிற்று.

இவர்களின் பெயர்களை நாம் அறிவோம். 1858-இன் சிப்பாய்களோ பெரும்பாலும் எண்களாகவே எஞ்சியுள்ளனர். அவர்களையும் விடுதலைப் போரின் வீரர்களாக மக்களிடம் கொண்டுசெல்வோம். போராடுபவனுக்குக் குற்றவாளிப் பட்டம் சூட்டி உரிமையைப் பறிக்கும் தந்திரம் எந்த ஆட்சியின் கையில் இருந்தாலும், அதை எதிர்த்து நிற்போம்.